கொசுறாகக் கேட்ட குழந்தை

பேரம் பேசுவது தப்பென்று ஜோவன்னா ஒருநாளும் சொன்னதில்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கி வளர்ந்தவள் அப்படிச் சொன்னால் மீனே சிரிக்கும். விலையைக் கேட்கலாம், குறைத்துக் கேட்கலாம், முகத்தைச் சுளிக்கலாம், வேண்டாமென்று நடப்பதுபோல நடந்து திரும்பியும் வரலாம். எல்லாம் ஆட்டத்தில் சேர்த்திதான். ஆனால் விலை படிந்து காசு கைமாறிய பிறகு வாயைத் திறக்கக் கூடாது. செய்தவளை எதிரில் வைத்துக்கொண்டு செய்ததை மட்டம் தட்டக் கூடாது. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பொன்றும் வேண்டாம், கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும். பெதானி அக்காவுக்குக் காத்தோங்கில் கடற்காற்று வரும் சொகுசுக் கண்டோ அடுக்குமாடி வீடு இருந்தது, கார் இருந்தது, வாரம் ஒரு புதுக் கைப்பை இருந்தது. அந்தக் கொஞ்சம் மட்டும் இல்லை.

ஜோவன்னா குடில் பொம்மைகள் செய்கிறவள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கிற குடிலுக்கான மாதா, சூசையப்பர், இடையர், மூன்று ராஜாக்கள், ஆடு, மாடு, ஒட்டகம், குழந்தை இயேசு. அவளுடைய மாதா கண்டாங்கிச் சேலை கட்டியிருப்பாள். சூசையப்பர் தோளில் துண்டு கிடக்கும். ராஜாக்களில் ஒருவருக்குத் தலைப்பாகை, ஒருவருக்கு மலாய்க்காரர் போடும் சொங்கோக்குத் தொப்பி, இன்னொருவருக்குச் சீனப் பட்டு அங்கி. புக்கிட் மேராவில் அவளுடைய சின்ன வீட்டின் சமையலறையில் மண் பிசைந்து, உருட்டி, கீறி, உலர வைப்பாள். சுடுவதற்கு மட்டும் பாசிர் ரிஸ்ஸில் ஒரு வாடகைச் சூளை. சுடாத பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் தீவின் குறுக்கே போக வேண்டும். யாராவது அவசரத்தில் இடித்தால் ஒட்டகத்தின் கால் போய்விடும். எல்லாவற்றிலும் எமகாதகம் குழந்தையின் விரல்கள்தான். அரிசி முனை அளவு விரல். நான்கு குழந்தை உடைந்த பிறகுதான் ஐந்து விரலோடு ஒரு குழந்தை சூளையிலிருந்து வெளியே வரும். ஜோவன்னா அதைக் கையில் எடுத்தால் கொஞ்ச நேரம் கீழே வைக்க மாட்டாள்.

பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்துவிட்டு, இந்த வருஷம்தான் அந்த வேலையை விட்டிருந்தாள். இந்தக் கிறிஸ்துமஸ்தான் கெடு. பொம்மைகள் சொன்ன விலைக்குப் போனால் அடுத்த வருஷத்துக்கும் சூளையில் இடம் பிடிக்கலாம். போகாவிட்டால் ஜனவரியில் மறுபடி அதே மேசை, அதே நாற்காலி, அதே வாய்நாற்றம். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

நவம்பர் கடைசியில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் கைவினைச் சந்தை போட்டார்கள். வெளியே தீபாவளித் தோரணங்களை அப்போதுதான் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜோவன்னாவுக்கு ஒரு மேசை. பக்கத்து மேசையில் துணிப்பை தைத்து விற்கிற ருக்சார். முதல் சனிக்கிழமை காலையிலிருந்து ஒரு பொம்மைகூடப் போகவில்லை. சந்தை முடிகிற நேரத்தில் பெதானி அக்கா வந்தாள்.

பெதானி அக்கா அவர்களுடைய அன்பியத்தின் தலைவி. அன்பியம் என்றால் ஒரே கோயிலுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, ஜெபத்தைவிட அதிக நேரம் சாப்பிட்டுக் கலைவது. இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை அந்தக் கூட்டம் அக்காவின் வீட்டில். ஃபாதர் இருதயராஜே வந்து தீர்த்தம் தெளித்துக் குடிலை மந்திரிக்கப் போகிறார். ஆகவே அக்காவுக்கு ஒரு குடில் வேண்டும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி வேண்டும்.

முழு செட் எவ்வளவு என்று கேட்டாள். முந்நூற்று அறுபது வெள்ளி என்று ஜோவன்னா சொன்னாள். அக்கா மாதாவைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"மண்ணுதானே லா," என்றாள்.

ருக்சார் தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினாள். ஜோவன்னா சிரிக்க முயன்றாள்.

பிறகு நடந்ததைப் பேரம் என்று சொல்வது பேரத்துக்கே கேவலம். அக்கா செட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தாள். ஒட்டகம் எதற்கு, அதைக் கழித்துக்கொள். ஆடு எதற்கு, அதையும் கழி. ராஜாக்கள் மூன்று பேரும் வந்துதான் ஆக வேண்டுமா, ஒருவர் வந்தால் போதாதா. கடைசியில் குழந்தை இயேசுவையே கழித்தாள். அவர்கள் வீட்டில் பழைய குழந்தை ஒன்று பத்திரமாக இருக்கிறதாம், புதுசு வேண்டாமாம். ஒவ்வொரு கழிப்புக்கும் விலை இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கிய இடத்திலிருந்து இன்னும் இறங்கச் சொல்லி, இரண்டு தடவை வேண்டாமென்று நடந்து, ஜோவன்னா கூப்பிடத் திரும்பி வந்து, அன்பியத்திலிருந்து பத்துப் பேரைத் தானே அனுப்பி வைப்பதாக அக்கா ஆசை காட்டினாள். ஜோவன்னா அங்கேதான் சறுக்கினாள். காலையிலிருந்து நின்ற கால், விற்காத பொம்மை, எதிரில் அன்பியத் தலைவி. நூற்றைம்பது என்று அக்கா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டாள். அடிமாட்டு விலைதான். ஆனாலும் படிந்த விலை படிந்ததுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அக்கா கைப்பேசியில் காசை அனுப்பினாள். அனுப்பி முடித்த கையோடு, ஓரமாக எடுத்து வைத்த ராஜாக்களையும் ஒட்டகத்தையும் ஆடுகளையும் செட்டோடு சேர்த்துத் தள்ளினாள்.

"இதையெல்லாம் தனியா வெச்சு நீ என்ன பண்ணப் போற? எல்லாத்தையும் போட்டுடு. குழந்தையக் கொசுறா வெச்சுக்கிறேன்."

கையில் மீன் பை இருந்ததால் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றும், அடுத்த வாரம் ஞாயிறு சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து தரும்படியும் சொன்னாள். காத்தோங்தானே, ஒரே பஸ்தானே என்றாள். போய்விட்டாள்.

வெண்டைக்காய் வாங்கினால் கொசுறு கேட்பார்கள், ஜோவன்னாவும் கேட்டிருக்கிறாள். இயேசு பாலனைக் கொசுறாகக் கேட்ட ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள். ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று ருக்சார் சண்டைக்கு வந்தாள். அவளாக இருந்தால் அந்த ஒட்டகத்தாலேயே மண்டையில் போட்டிருப்பாளாம். ஜோவன்னாவுக்கு வலித்தது, விழுங்கினாள். பத்துப் பேர் வரட்டும் என்று பார்த்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில், சந்தை மேசையில் எடுத்த மாதாவின் படம் வந்து விழுந்தது. கீழே பெதானி அக்கா எழுதியிருந்தாள்: ஜோவோட குடில் செட், முந்நூத்தி அறுபது சொல்லுவா, நூத்தைம்பதுக்கு விட்டுடுவா, வேணாம்னு ரெண்டு தடவை நடந்து போங்க, தானா கூப்பிடுவா, குழந்தை இயேசு கொசுறு. கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம். அந்தக் குழுவில் ஜோவன்னாவும் இருக்கிறாள் என்பது அக்காவுக்கு மறந்ததா, இருந்தால் என்ன என்று நினைத்தாளா, தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கட்டைவிரல் தூக்கினார்கள். தெரிந்த பெயர்கள், ஒன்றாகப் பாட்டுப் பாடுகிறவர்கள், அவள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர்கள்.

பெதானி அக்கா வாக்குத் தவறாதவள். பத்துப் பேரை அனுப்புகிறேன் என்றாள், அனுப்பினாள். விலையையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை முதலில் வந்தவள் தங்கம். கோயில் பாடகர் குழுவில் ஜோவன்னாவுக்குப் பக்கத்தில் நிற்பவள். விலையைக் கேட்டாள், தலையை ஆட்டினாள், வேண்டாமென்று நடந்தாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். அடுத்து வந்தவர் அதே இடம்வரை நடந்து அதே மாதிரி திரும்பிப் பார்த்தார். வாசல் பக்கம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததுபோல இருந்தது. ருக்சார் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஜோவன்னா யாரையும் கூப்பிடவில்லை. விலையையும் இறக்கவில்லை. இன்னொரு முறை தலையாட்டினால் இனி எப்போதுமே நூற்றைம்பதுதான் என்று அவளுக்குத் தெரியும். பெதானிக்கு மட்டும் கொடுத்தீர்களே என்று தங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மாலையில் எல்லாச் செட்டும் பெட்டிக்குள் திரும்பிப் போயின. பல் மருத்துவரிடமிருந்து, ஜனவரியில் வருகிறாயா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று ஒரு செய்தி வந்தது.

அன்று அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, நல்ல முற்றிய ஆத்திரம். பெதானியின் காசைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தாள். அனுப்பினால் அவள் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டு வேறு எங்காவது மலிவாக வாங்குவாள். குழுவில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதலாமா என்று யோசித்தாள். எழுதினால் கிறிஸ்துமஸ் சமயத்தில் இப்படிப் பேசலாமா என்று அந்தப் பத்துப் பேருமே புத்தி சொல்ல வருவார்கள். ஒட்டகத்தின் காலை உடைத்து ஒட்டிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தாள். ஒட்டகம் என்ன பாவம் செய்தது. அவளுக்கு வேண்டியது வேறு. அத்தனை பேர் பார்க்க அவள் தலை குனிந்தது. அதே மாதிரி அத்தனை பேர் பார்க்க பெதானியின் தலையும் குனிய வேண்டும்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து தேக்காவில் காய்கறி வாங்கப் போனாள். அசோக்கின் கடையில் அவளுக்கு முன்னால் நின்ற அம்மாள் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, கொசுறு என்று சொல்லி ஒரு மாங்காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அசோக் கோபப்படவில்லை. மாங்காயைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையைப் போட்டான்.

"கொசுறு நான் குடுக்கிறதுக்கா. நீங்க எடுக்கிறது இல்ல."

ஜோவன்னா கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உனக்கு என்ன வேண்டும் என்று அசோக் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

குடில் வைக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மாதா, சூசையப்பர், மாடு எல்லோரும் டிசம்பர் தொடக்கத்திலிருந்தே குடிலில் நிற்பார்கள். நடுவில் உள்ள முன்னிட்டி, அதாவது குழந்தையைக் கிடத்துகிற தீவனத் தொட்டி, மட்டும் வைக்கோலோடு காலியாக இருக்கும். குழந்தை பிறக்க வேண்டிய நாளுக்கு முன்னால் குழந்தையை வைக்க மாட்டார்கள். அதனால் ஜோவன்னா குழந்தையைத் தனியாக ஒரு சின்ன மூடிப் பெட்டியில் வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைத்துக் கொடுப்பாள். இருபத்து நான்காம் தேதி மாலைதான் பிரிப்பார்கள். அதற்கு முன்னால் பிரிக்க எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் கை வராது.

அன்று மதியம் அவள் பெதானியின் பெட்டியைத் திறந்து குழந்தையை வெளியே எடுத்தாள். ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் வைத்தாள். காலிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று அடியில் சுடாத மண் கட்டி ஒன்றை அப்பினாள். அதன்மேல் வைக்கோல். வைக்கோலின்மேல் தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலை, அழகாக ஒரே ஒரு இணுக்கு. கூடக் கொத்தமல்லியும் வைக்க ஆசையாகத்தான் இருந்தது. அது அழுகி நாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டாள். ரிப்பன் கட்டி, அரக்கு உருக்கி, முத்திரையை அழுத்தினாள். முத்திரை வழக்கத்தைவிட நன்றாகவே பதிந்தது.

மனசாட்சி ஒன்றும் சொல்லவில்லையா என்றால், சொன்னது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலமாதலால் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றார்கள், அவளும் நின்றாள். ஃபாதரிடம் பொறாமையைச் சொன்னாள், பூசைக்குத் தாமதமாக வந்ததைச் சொன்னாள். பெட்டியைச் சொல்லவில்லை. இன்னும் நடக்காத பாவத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது. நடந்து முடியட்டும், ஜனவரியில் மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் காத்தோங் வீட்டில் பெட்டிகளை இறக்கியபோது பெதானி அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை. தொலைக்காட்சியை நகர்த்தி வைத்திருந்த இடத்தைக் காட்டி, அங்கே அடுக்கு என்றாள். ஜோவன்னா முழங்காலில் நின்று கொட்டகையை வைத்து, மாதாவை வைத்து, மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தோடு வரிசையாக நிறுத்தினாள். குழந்தை எங்கே என்று அக்கா கேட்டாள். சிவப்பு ரிப்பன் பெட்டியை ஜோவன்னா இரண்டு கையாலும் நீட்டினாள். இருபத்து நான்காம் தேதி வரை பிரிக்கக் கூடாது என்று நினைவுபடுத்தினாள். அதெல்லாம் தனக்குத் தெரியாதா என்று அக்கா சுள்ளென்று விழுந்தாள். பெட்டியை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, திருப்தியாகக் குடிலுக்குப் பின்னால் வைத்தாள். ஜோவன்னா ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். வழி முழுக்க அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் பெதானி அக்கா குடிலைப் பற்றிப் பேசினாள், ஜோவன்னா காது கொடுத்துக் கேட்டாள். அக்காவின் கைப்பேசியில் இருந்த படங்களை எல்லோரோடும் சேர்ந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். அத்தனை நாளும் குழந்தை அவளுடைய கைப்பையில் இருந்தது. ரயிலில், சந்தையில், பூசையில். யாரும் இடித்துவிடாமல் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரிந்தாள். விற்காத செட்டுகள் வீட்டில் சோபாவுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக இருந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கறுவிக்கொண்டாள்.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலப் பூசை முடிந்ததும் அன்பியம் மொத்தமும் காத்தோங்கில் கூடியது. பிரியாணி மணந்தது, ஆட்டுக்கறிப் பிரட்டல் மணந்தது. அக்காவின் கணவர் ஜெரார்ட் கையில் கரண்டியோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். யாரையும் நோகடிக்காத மனுஷர், வீட்டில் நடப்பது எதுவும் அவர் காதுக்கு எட்டுவதில்லை. பிள்ளைகள் குடிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். ஜோவன்னா சுவரோரமாக, எல்லோர் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள். அவளுக்குப் பயமில்லை, ஆசைதான்.

ஃபாதர் இருதயராஜ் ஜெபம் சொன்னார். குடிலின்மேல் தீர்த்தம் தெளித்தார். பெதானி அக்கா பட்டுச்சேலையில் முன்னால் வந்து சிவப்புப் பெட்டியை அவரிடம் நீட்டி, ஒரு கையால் படம் எடுக்கச் சைகை காட்டினாள். பத்துப் பதினைந்து கைப்பேசிகள் உயர்ந்தன. ஃபாதர் அரக்கை உடைத்தார், ரிப்பனை அவிழ்த்தார், மூடியைத் திறந்தார், வைக்கோலுக்குள் பயபக்தியோடு விரலை விட்டார். இரண்டு விரலில் கறிவேப்பிலை வந்தது. காய்ந்து கருத்திருந்தாலும் வாசம் மட்டும் போகவில்லை.

ஃபாதர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடி பெட்டிக்குள் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண், பேபி ஜீசஸ் எங்கே என்று கேட்டாள். பெதானி அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஜோ இது?"

எத்தனையோ நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததுதான். ஆனாலும் ஜோவன்னாவின் குரல் அவள் நினைத்ததைவிட அமைதியாக வந்தது.

"நீங்க கேட்ட கொசுறுதான்க்கா. கொசுறுன்னா கறிவேப்பிலைதானே குடுப்பாங்க. குழந்தை வேணாம்னு நீங்கதானே கழிச்சீங்க. வீட்ல பழசு இருக்குன்னு சொன்னீங்களே, அதை எடுத்து வைங்க."

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குழந்தை இயேசு கொசுறு என்ற செய்தியை அத்தனை பேரும் படித்திருந்தார்கள், கட்டைவிரலும் தூக்கியிருந்தார்கள். சமையலறைப் பக்கத்திலிருந்து யாரோ முதலில் சிரித்தார்கள். சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் பொத்தவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஜெரார்ட் கரண்டியோடு வந்து நின்றார்.

"நம்ம வீட்ல ஏது பழசு? இந்த வருஷந்தானே மொதல் தடவையா குடில் வைக்கிறோம்?"

பாவம், அவர் உண்மையாகவே சந்தேகம் கேட்டார். பெதானி அக்கா அவரைப் பார்த்த பார்வையில் கரண்டி தானாகக் கீழே இறங்கியது.

அக்கா ஜோவன்னாவின் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஃபாதர் காத்திருக்கிறார், குழந்தை கையில் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று கிசுகிசுத்தாள். ஜோவன்னா கிசுகிசுக்கவில்லை.

"இருநூத்திப் பத்து வெள்ளி."

"ஒரு குழந்தைக்கா?"

"ராஜா, ஒட்டகம், ஆடு எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு. முழு செட்டு முந்நூத்தி அறுபது. நூத்தைம்பது குடுத்துட்டீங்க."

"இன்னிக்கு நல்ல நாள் ஜோ. கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

"வேணாம்னா ரெண்டு தடவை நடந்து போயிட்டு வாங்கக்கா. நான் இங்கேயே நிக்கிறேன்."

கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. சட்டென்று எல்லோருக்கும் தரையையும் கூரையையும் பார்க்க வேண்டிய வேலை வந்துவிட்டது. தங்கம் தன் கைவளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். ஃபாதர் ஜெபப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். தன் வீட்டில், தன் விருந்தாளிகள் நடுவில், பெதானி அக்கா எங்கே நடந்து போவாள். கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். ஜோவன்னாவின் பையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தக் கூடத்தின் கடைசி நாற்காலிவரை கேட்டது.

ஜோவன்னா தொகையைப் பார்த்தாள், சரிதான். பிறகுதான் பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையைப் பிரித்து, குழந்தையை ஃபாதரின் உள்ளங்கையில் வைத்தாள். கருத்த குழந்தை, சுருட்டை முடி, விரித்த சின்னக் கை, ஐந்து விரலும் முழுசாக. ஃபாதர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து வைக்கோலில் கிடத்தினார். எல்லோரும் பாடினார்கள். ஜோவன்னாவும் பாடினாள், பக்கத்தில் நின்ற தங்கத்தைவிடச் சத்தமாகவே பாடினாள்.

இப்போதாவது வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பசிதான் வந்தது. பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள், பிரட்டலை மூன்றாவது முறையும். ஃபாதர் அவளருகில் வந்து உட்கார்ந்து, ஜனவரி முதல் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் உண்டு என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டுத் தயிர்ப்பச்சடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் உதட்டோரம் துடித்ததை அவள் பார்த்தாள்.

கை கழுவுகிற இடத்தில் தங்கம் வந்து நின்றாள். ஜனவரியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடில் இருக்குமே, இன்னும் செட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, முந்நூற்று அறுபது என்றாள் ஜோவன்னா. தங்கம் வாயைத் திறந்தாள். குடிலுக்குப் பக்கத்தில் பெட்டியின் மூடிமேல் அந்தக் கறிவேப்பிலை கிடந்தது. தங்கம் அதைப் பார்த்தாள், வாயை மூடினாள், கைப்பேசியை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் கைகழுவ மட்டும் வரவில்லை. ஜோவன்னா அங்கேயே நின்றபடி பல் மருத்துவருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் செய்தி அனுப்பினாள். சூளைக்காரருக்கு விடிந்ததும் போன் செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ் என்றாலும் பரவாயில்லை, அவர் எடுப்பார்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பெதானி அக்கா வாசலுக்கு வந்தாள். லிப்ஸ்டிக் அழிந்திருந்தது. கையில் அந்தக் காய்ந்த இணுக்கு.

"இதையும் எடுத்துட்டுப் போ."

ஜோவன்னா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள். பெதானி அக்காவின் பார்வை முதலில் கீழே இறங்கியது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை நாளும் ஜோவன்னா நெஞ்சில் பையை அணைத்துக்கொண்டு திரிந்தாள். அதை நிதானமாக, முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"வெச்சுக்குங்கக்கா. கொசுறத் திருப்பி வாங்குற பழக்கம் எனக்கு இல்ல."